நிறுத்தும் இடமும் நிறுத்தா இடமும்

அன்புள்ள தம்பிக்கு,

பாஸ்பரஸ் அணுவும் நைட்ரஜன் அணுவும் மாறிமாறிக் கோத்து நிற்க, முதுகுத்தண்டில் கரியணு ஒன்றுகூட இல்லாத பாலிபாஸ்பசீன் என்னும் சங்கிலிகளை உன் ஆராய்ச்சிக்கு விஷயமாக ஏற்றுக்கொண்டாய் என்று அறிந்து மிகவும் சந்தோஷமடைந்தேன். அறை வெப்பத்திலேயே, சங்கிலியின் நீளத்தை நம் இஷ்டப்படி வரையறுத்துச் செய்யக்கூடிய புதிய மார்க்கம் ஒன்று இருக்கும்போது, கண்ணாடிக் குழாயை வெற்றிடமாக்கி மூடி, 250 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் நாட்கணக்காக வைத்துக் காத்திருக்கும் பழைய மார்க்கத்தைக் கற்பது அவசியந்தானா என்று கேட்டிருக்கிறாய். அவசியம் என்பதே என் அபிப்பிராயம். அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சங்கிலிகளைச் செய்வதில் இரண்டு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. பாஸ்பரஸ் ஒவ்வொன்றிலும் இரண்டு குளோரின் தாங்கிய மூலச் சங்கிலியை வளர்ப்பது ஒன்று. அந்தக் குளோரின்களை அகற்றி, நமக்கு வேண்டிய சேதனக் கூட்டங்களை அவ்விடங்களில் அமர்த்துவது மற்றொன்று. முதற் காரியத்தைப் பூர்த்தியாகும் வரை நடத்தலாகாது. இரண்டாம் காரியத்தைப் பூர்த்தியாகாமல் விடலாகாது. வழி எதுவாயினும், மானோமர் எதுவாயினும், இந்தத் துறையில் கைதேர்ந்தவனுக்கும் தேராதவனுக்கும் உள்ள பேதம் பெரும்பாலும் இவ்விரண்டு விவேகங்களில்தான் இருக்கிறது. அவ்விரண்டையும் ஒருசேரக் கற்பிப்பதற்குப் பழைய குழாயைப் போன்ற ஆசிரியர் வேறு இல்லை.

பூர்வ சரித்திரத்தைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். 1834ஆம் ஆண்டில் லீபிக், வோலர் என்னும் ஜெர்மானிய மேதைகள் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடின்மேல் அமோனியாவைச் செலுத்தியபோது, முக்கிய விளைபொருளுக்கு இடையே சொற்ப அளவாக, படிகமாகத் திரளும் வெண்ணிறப் பதார்த்தம் ஒன்று கிடைத்தது. அதன் அணுக் கணக்கு ஒரு பாஸ்பரஸுக்கு ஒரு நைட்ரஜன், இரண்டு குளோரின் என்று பின்னர் தெளிந்தது. அந்தக் கூறு மும்மடங்காகச் சேர்ந்திருக்கிறது என்பதும் அதற்குப் பின்னர்த் தெளிந்தது. 1890களில், வாஷிங்டன் நகரில் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஹெச். என். ஸ்டோக்ஸ் என்பவர், அது வளைய வடிவினது என்று கருத்துரைத்து, நான்கு கூறு, ஐந்து கூறு, ஆறு கூறு என்று பெருகிச் செல்லும் உடன்பிறப்புகளையும் பிரித்தெடுத்தார். 1897ல் அவர் இந்த வளையங்களை மேலும் சூடேற்றியபோது, நெகிழ்ந்து நீண்டு மீளும் ரப்பர் போன்ற பொருள் ஒன்று உண்டாயிற்று. கனிம ரப்பர் என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

ஆனால் அந்த ரப்பர் எந்தக் கரைப்பானிலும் கரையவில்லை. பென்சீனில் இட்டால் வீங்கிற்றே தவிர அதற்குமேல் இசையவில்லை. ஈரக்காற்றுப் பட்டால் நாளடைவில் பாஸ்பாரிக் அமிலமும் அமோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமுமாகச் சிதைந்து போயிற்று. கரையாத பொருளோடு ரசாயனம் செய்வது கடினம். நிலைக்காத பொருளை உபயோகத்துக்குக் கொண்டுவருவது அதனினும் கடினம். இவ்விரு குறைகளும் ஒன்றாகப் பொருந்தியிருந்த காரணத்தால், அந்த ரப்பர் ஏறத்தாழ எழுபது வருஷம் வினோதப் பொருளாகவே கிடந்தது.

1965ல், கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபர்டில் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரிந்த ஹாரி ஆல்காக் என்பவரும் அவருடைய சகா குகெல் என்பவரும் அந்தக் கட்டை அவிழ்த்தார்கள். புதிதாக எந்த மருந்தையும் சேர்த்து அவர்கள் அதைச் சாதிக்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். அதே வளையம், ஏறக்குறைய அதே சூடு. நன்கு சுத்திசெய்த டிரைமரை, அதாவது மூன்று கூறு கொண்ட அந்த வளையத்தை, வெற்றிடக் குழாயில் 250 டிகிரியில் உருக்கி வைத்து, அதில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் சங்கிலியாக மாறுவதற்கு முன்பே சூட்டை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அவ்வாறு நிறுத்தியபோது கிடைத்த பாலிமர் பென்சீனிலும், டொலுயீனிலும், டெட்ராஹைட்ரோபியூரானிலும் தெளிவாகக் கரைந்தது. கரைந்ததனால், அதன்மேல் சோடியம் ஆல்காக்சைடையும் அமீனையும் வினைபுரியச் செய்ய முடிந்தது. குளோரின் நீங்கியதனால், தண்ணீருக்கும் காற்றுக்கும் அஞ்சாத சங்கிலிகள் பிறந்தன. ஸ்டோக்ஸின் ரப்பரில் இருந்த குறை இயற்கையின் குறையன்று. நெருப்பை அணைக்கும் வேளை தப்பியதனால் வந்த குறை. ஆல்காக் அடுத்த ஆண்டு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, பல பத்தாண்டுகள் இந்தச் சாஸ்திரத்தை வளர்த்தார். இன்று நாம் அறிந்த வகைகளில் பெரும்பகுதி அந்தப் பரம்பரையில் வந்தவையே.

இனி உன் மேஜைக்கு வருகிறேன். டிரைமரை நீயே தயாரித்தாலும் சரி, விலைக்கு வாங்கினாலும் சரி, அதைச் சுத்திசெய்யும் வேலையை மற்றொருவரிடம் ஒப்படைக்காதே. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடையும் அம்மோனியம் குளோரைடையும் கொதிநிலை மிக்க குளோரின் கரைப்பானில் சூடேற்றும் முறை, 1924ல் ஷெங்க், ரோமர் என்பவர்கள் வகுத்தது. அவர்கள் டெட்ராகுளோரோஈத்தேனை உபயோகித்தார்கள், இக்காலத்தார் குளோரோபென்சீனை விரும்புகிறார்கள். ஹைட்ரஜன் குளோரைடு புகைந்து வெளியேற வெளியேற வளையங்கள் உண்டாகின்றன. மூன்றன் வளையத்தோடு நான்கன் வளையமும், அதற்கு மேற்பட்டவையும், சில குறுஞ்சங்கிலிகளும் கலந்தே வரும். ஹெப்டேனிலோ ஹெக்சேனிலோ திரும்பத் திரும்பப் படிகமாக்கி, அதன் பின் வெற்றிடத்தில் 60 டிகிரியை ஒட்டிய இளஞ்சூட்டில் பதங்கமாக்கினால், 113 டிகிரியை அடுத்துக் கூர்மையாக உருகும் வெண்படிகம் கிடைக்கும். பாஸ்பரஸ் என்.எம்.ஆர். நிறமாலையில் 20 பி.பி.எம். அருகே ஒற்றைக் கோடாக அது நிற்க வேண்டும். மைனஸ் 7 அருகே இன்னொரு கோடு தலைகாட்டினால் நான்கன் வளையம் இன்னும் போகவில்லை என்று அறிந்துகொள். புட்டியின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் சுத்தத்தின் சதவிகிதம் எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் அதை நம்பி நேரே குழாயில் இட்டுவிடாதே. புட்டி திறந்த நாள்முதல் நம் ஊர் மழைக்காலத்து ஈரம் அதனுள் புகுந்துகொண்டே இருக்கிறது. இந்தப் படிகத்தின் ஆவி கண்ணையும் தோலையும் மூச்சுக்குழாயையும் கடுமையாக எரிச்சலூட்டக்கூடியது. புகைக்கூண்டுக்கு வெளியே அதைக் கையாளவே கூடாது.

ஈரத்தின் விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. மிகச் சொற்பமான நீர் சில சமயம் வினையை விரைவுபடுத்தும். அதனினும் சற்று மிகுந்தாலோ சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பை உண்டாக்கும். ஆகவே ஒரே நாளில் ஒரே அடுப்பில் வைத்த இரண்டு குழாய்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதை நீ பார்ப்பாய். அதைக் கண்டு சோர்வடையாதே. குழாயைச் சுட்டு உலர்த்தியது எப்படி, வெற்றிடத்தில் எத்தனை நேரம் வைத்தாய், படிகம் எந்தத் தயாரிப்பைச் சேர்ந்தது என்ற விவரங்களை ஒவ்வொரு முறையும் சிரத்தையோடு எழுதிவை. போரான் டிரைகுளோரைடு போன்ற வினையூக்கியைச் சேர்த்துச் சூட்டை 200 டிகிரியை ஒட்டிக் குறைப்பதும், டிரைகுளோரோபென்சீனில் கரைத்துச் சல்பாமிக் அமிலத்தின் உதவியால் 210 டிகிரியில் நடத்துவதும் இந்த நிச்சயமின்மையைப் பெரிதும் தணித்திருக்கின்றன. ஆயினும் முதல் சில குழாய்களையாவது எந்தத் துணையும் இல்லாமல் செய்து பார்.

குழாய்க்குள் நடப்பது இது. சூட்டின் வேகத்தால் வளையத்திலுள்ள ஒரு பாஸ்பரஸிலிருந்து ஒரு குளோரின் எதிர்மின் அயனியாகக் கழன்று நிற்க, நேர்மின்மை பெற்ற அந்தப் பாஸ்பரஸை மற்றொரு வளையத்தின் நைட்ரஜன் வந்து பற்றிக்கொள்கிறது; பற்றிய வளையம் திறந்து நேராகி, தன் நுனியில் அதே நேர்மின்மையை ஏந்தி அடுத்த வளையத்துக்குக் காத்திருக்கிறது. உருகிய டிரைமர் இந்தச் சூட்டை அடையும்போது அதன் மின்கடத்தும் திறன் உயர்வதும், குளோரின்களை முழுவதும் நீக்கிச் சேதனக் கூட்டங்களை அமர்த்திய வளையங்கள் பொதுவாக நெடுஞ்சங்கிலியாக மாற மறுப்பதும் இந்தக் கொள்கைக்குச் சாட்சி சொல்கின்றன. ஆனால் குளோரின் கழல்வது வளையத்தில் மட்டும் நிகழ வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வளர்ந்துவிட்ட சங்கிலியின் நடுவிலும் அது கழலும். அங்கே கிளை முளைக்கும். கிளையும் கிளையும் பிணைந்து வலையாகும். வளையங்கள் மிகுந்திருக்கும் வரை வளர்ச்சி மேலோங்கி நிற்கிறது. அவை அருகிவரும்போது பிணைப்பு மேலோங்குகிறது. எழுபது பங்கு என்ற எல்லையின் ரகசியம் இதுவே. விரைவை உத்தேசித்துச் சூட்டை மிகவும் உயர்த்தினாலோ, 350 டிகிரியை நெருங்கும்போது சங்கிலி தானாகவே சிதைந்து மறுபடியும் வளையங்களாகிறது.

ஆகையால் நீ பழக்க வேண்டியது கண்ணை. ஆரம்பத்தில் உருகல் தண்ணீரைப்போல ஓடும்; பிறகு எண்ணெயாகும்; பிறகு, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவள் கரண்டியை உயர்த்திப் பார்த்துப் பதம் அறிவதுபோல, குழாயைச் சாய்த்து உருகல் மெல்ல மெல்ல நகர்வதைப் பார்த்து நீ வேளையறிய வேண்டும். பாதுகாப்புத் தடுப்பின் பின்னாலிருந்து, கையுறையும் முகக்கவசமும் அணிந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நகர்வது அடியோடு நின்றுவிட்டால் குழாய் உனக்குப் பயனற்றது. அதற்குச் சற்று முன்னே அடுப்பிலிருந்து எடுத்து, முழுவதும் ஆறவிட்டு, உலர்ந்த நைட்ரஜன் சூழலில் திற. மாறாமல் நின்ற டிரைமரை வெற்றிடத்தில் பதங்கமாக்கியோ, கரைசலை ஹெப்டேனில் ஊற்றிப் பாலிமரை மட்டும் படியச் செய்தோ பிரித்துக்கொள்ளலாம். அதைச் சேதமென்று எண்ண வேண்டாம்; அடுத்த குழாய்க்கு அது ஆகும்.

இவ்வாறு கிடைத்த குளோரின் சங்கிலியைச் சேமித்து வைக்கலாம் என்ற எண்ணம் மட்டும் உனக்கு வரவே வேண்டாம். அது இடைநிலைப் பொருள். கரைசலாக வைத்தாலும் நாளுக்கு நாள் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசினாக இறுகும். குழாய் திறக்கும் நாளுக்கு முன்பே டெட்ராஹைட்ரோபியூரானை வாலையிலிட்டு வடித்து, சோடியம் டிரைஃபுளூரோஈத்தாக்சைடையோ நீ விரும்பும் வேறொன்றையோ தயார் செய்து வைத்திரு.

இரண்டாம் காரியத்தின் கடினத்தைச் சிறு கணக்கினால் உணரலாம். இந்த மார்க்கத்தில் பிறக்கும் சங்கிலி ஒன்றில் ஏறக்குறைய 15,000 கூறுகள் இருப்பது சகஜம். அப்படியானால் மாற்ற வேண்டிய குளோரின் 30,000. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு மாற்றிவிட்டேன் என்று ஒருவன் திருப்தியடைந்தால், அவனுடைய சங்கிலி ஒவ்வொன்றிலும் 300 குளோரின்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொன்றும் நீரால் தாக்கப்பட்டு ஹைட்ராக்சில் ஆகலாம். ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் அருகிலுள்ள நைட்ரஜனுக்குத் தாவலாம். அவ்விடத்தில் முதுகுத்தண்டு பலவீனமடைந்து அறுபடலாம். சாதாரண ரசாயனத்தில் 99 சதவிகிதம் என்பது கொண்டாடத்தக்க பலன். இங்கே அது வியாதிக்கு வித்து. ஆகவே வினைபுரியும் மருந்தைக் கணக்குக்குச் சற்று மிகுதியாகவே சேர். பாஸ்பரஸ் நிறமாலையில் மைனஸ் 18 அருகே நிற்கும் குளோரின் சங்கிலியின் கோடு மறைந்து, டிரைஃபுளூரோஈத்தாக்சிக்கு உரிய மைனஸ் 8 அருகில் ஒரே கோடு எழும் வரையில் பொறுத்திரு. அதன் பின்பும் சில மணி நேரம் பொறுத்திரு. பிறகு நீரில் ஊற்றி உப்பைக் கழுவு; உலர்த்தி, அசிட்டோனில் கரைத்து மீண்டும் நீரில் படியச் செய்; ஹெக்சேனில் ஒருமுறை படியச் செய்து வளையங்களைப் போக்கு. உப்பு முற்றும் நீங்காத மாதிரியின் அளவீடுகள் ஒன்றுக்கும் உதவமாட்டா.

எல்லாக் கூட்டங்களும் இவ்வளவு சுலபமாக அமர்வதில்லை என்பதையும் அறிந்துகொள். டைஈத்தைலமீன் பருத்தது, ஒவ்வொரு பாஸ்பரஸிலும் ஒரு குளோரினை மட்டும் பெயர்த்துவிட்டு நின்றுவிடும். இதுவும் ஒரு வசதியே. மீதி இடத்தில் வேறொரு சிறிய அமீனை ஒழுங்காக அமர்த்தலாம். மெத்தில் அமீன் இரண்டிடத்திலும் அமர்ந்தால் கிடைக்கும் பாலிமர் நீரிலேயே கரைகிறது. கார்பாக்சில் கூட்டத்தைக் கொண்ட பீனாலை நேரே இட்டால் இரு முனைகளும் குளோரினுக்குப் போட்டியிட்டுச் சங்கிலிகளைப் பின்னிவிடும். அதனால்தான் புரோப்பைல் பாராபென் என்ற எஸ்டரின் சோடியம் உப்பை முதலில் அமர்த்திவிட்டு, எஸ்டரைப் பின்னர் காரத்தால் அவிழ்க்கிறார்கள். கால்சியம் அயனி பட்டவுடன் கூழாகத் திரளும் அந்தப் பாலிமர், தடுப்பூசி மருந்தின் வலிமையைப் பெருக்கும் துணைப்பொருளாக ஆராயப்பட்டு வருகிறது.

புதிய கூட்டம் எதையும் சங்கிலியில் நேரே பரீட்சிக்காதே. முதலில் டிரைமரில் பரீட்சித்துப் பார். வளையத்தின் பாஸ்பரஸும் சங்கிலியின் பாஸ்பரஸும் ஏறத்தாழ ஒரே சுபாவம் உடையவை. ஆனால் வளையத்தின் விளைபொருளைப் படிகமாக்கலாம், எக்ஸ்ரே கொண்டு அதன் வடிவை அளக்கலாம், பக்க வினைகளைப் பிரித்தறியலாம். இந்தப் படிப்புக்கு நீ தூரதேசம் போக வேண்டியதில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தில் எஸ். எஸ். கிருஷ்ணமூர்த்தி அவர்களும் அவருடைய மாணவர்களும் வளையங்களில் அமீன்கள் அமரும் ஒழுங்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியவை உலகெங்கும் ஆதாரமாக மதிக்கப்படுகின்றன. அவர் மாணவரான வி. சந்திரசேகர் அவர்கள் 2005ல் வெளியிட்ட கனிமப் பாலிமர்களைப் பற்றிய நூலை உன் மேஜைமீது எப்போதும் வைத்திரு.

இவ்வளவு பிரயாசை எதற்கு என்று நீ கேட்கமாட்டாய்; ஆயினும் சொல்லிவிடுகிறேன். ஏட்டில் நாம் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்புமாக மாற்றி மாற்றி எழுதினாலும், கரியணுச் சங்கிலிகளில் காணும் நெடிய எலெக்ட்ரான் ஓட்டம் இதில் இல்லை. ஆகையால் நிறமும் இல்லை. பிணைப்பைச் சுற்றித் திரும்புவதற்குத் தடை மிகச் சொற்பம். டிரைஃபுளூரோஈத்தாக்சி வகை மைனஸ் 66 டிகிரி வரையிலும், புரோப்பாக்சி வகை மைனஸ் 100 டிகிரி வரையிலும் கண்ணாடிபோல் இறுகுவதில்லை. இவ்வளவு இளகிய முதுகுத்தண்டின்மேல் நாம் ஏற்றும் கூட்டமே அதன் குணத்தை நிச்சயிக்கிறது. இரண்டு வகை ஃபுளூரோஆல்காக்சிகளைக் கலந்து ஏற்றினால், குளிரிலும் எண்ணெயிலும் கெடாத ரப்பர். ஃபயர்ஸ்டோன் நிறுவனமும் பின்னர் ஈத்தைல் நிறுவனமும் அதை ஓ-வளையங்களாகவும் அடைப்புகளாகவும் விற்றன. பீனாக்சிகளை ஏற்றினால் தீயை எதிர்க்கும் நுரை. ஈத்தர் வால்களை ஏற்றி லித்தியம் உப்பைக் கரைத்தால், 1984ல் ஷ்ரைவரும் ஆல்காக்கும் காட்டியபடி, திரவமில்லாமல் அயனியைக் கடத்தும் திட மின்பகுபொருள். கிளைசின் எஸ்டரை ஏற்றினால் உடலுக்குள் மெல்லக் கரைந்து பாஸ்பேட்டும் அமோனியாவும் கிளைசினுமாகப் பிரியும் பொருள். பாஸ்பேட்டும் அமோனியாவும் ஒன்றையொன்று தணிப்பதனால், எலும்பு வளரச் சாரமாக அதை லாரன்சின் போன்ற வைத்திய விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். முதுகுத்தண்டு ஒன்றே, குளோரினை நீக்கியவனின் தேர்வினால் பிறந்தவை இத்தனையும்.

இனி, உன் மனத்தைக் கவர்ந்த புதிய மார்க்கத்துக்கு வருகிறேன். 1995ல் டொரான்டோவில் இயன் மானர்ஸ் அவர்களும் பென்சில்வேனியாவில் ஆல்காக்கும் தத்தம் சகாக்களோடு சேர்ந்து வெளியிட்டது அது. மூன்று குளோரினும், நைட்ரஜன் வழியாக ஒரு டிரைமெத்தில்சிலில் கூட்டமும் கொண்ட ஒற்றைப் பாஸ்பரஸ் மானோமரை டைகுளோரோமீத்தேனில் கரைத்து, சிறிதளவு பாஸ்பரஸ் பென்டாகுளோரைடை இட்டால், அறை வெப்பத்திலேயே டிரைமெத்தில்சிலில் குளோரைடு கழன்று கழன்று சங்கிலி வளர்கிறது. பென்டாகுளோரைடு இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஒரு சங்கிலியைத் துவக்குகிறது; மானோமருக்கும் அதற்கும் உள்ள விகிதமே சங்கிலியின் நீளத்தை நிச்சயிக்கிறது. நுனி உயிரோடு நிற்பதனால், அதில் வேறொரு பாலிமரைப் பொருத்திப் பல்கூட்டுச் சங்கிலி செய்யலாம். இவை குழாயினால் ஆகாத காரியங்கள் என்பதை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அங்கேயும் நிறுத்தும் விவேகம் வேண்டியிருக்கிறது. இடம் மட்டும் மாறுகிறது. மானோமர் தெளிந்த திரவம். நீரைக் கண்டால் உடனே கெடும். அறை வெப்பத்தில் விட்டுவைத்தால் தானாகவே மெல்ல வளையங்களாகச் சுருளும். வெற்றிடத்தில் வடித்துக் குளிரில் வைத்துச் சீக்கிரம் உபயோகிக்க வேண்டும். முன்பெல்லாம் அதைச் செய்வதே பெரும் துன்பம். பலன் குறைவு, பிரிப்பதும் கடினம். 2002ல் மானர்ஸின் குழுவினர் பாஸ்பரஸ் டிரைகுளோரைடை லித்தியம் பிஸ்டிரைமெத்தில்சிலில் அமைடோடு சேர்த்துப் பின் சல்பியூரில் குளோரைடால் ஆக்சிகரணம் செய்யும் வழியைக் காட்டிய பிறகுதான் அது நிறைய அளவில் கைக்கு எட்டியது. வினை முடிந்தபின் உயிருள்ள நுனிகளைக் காக்கவைத்தால் பக்க வினைகள் புகுந்து, நீ கணக்கிட்ட நீளம் கலைந்துவிடும். மூலக்கூறு எடை லட்சத்துக்கு உட்பட்ட ஒழுங்கான சங்கிலிகள் வேண்டுமானால் இந்த மார்க்கத்தை நாடு. பத்து லட்சத்தைத் தாண்டிய, இழையாக இழுத்தாலும் அறாத பெருஞ்சங்கிலி வேண்டுமானால் குழாய்க்கே போ.

லீல் நகரத்தில் ரோஜர் டி ஜாகர் வளர்த்த மற்றொரு மார்க்கமும் உண்டு: ஒரு முனையில் மூன்று குளோரினும் மறுமுனையில் பாஸ்போரில் குளோரைடுமாக உள்ள மானோமரைச் சூடேற்றிப் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடை வடித்தெடுத்துவிட்டால் அதே குளோரின் சங்கிலி மிஞ்சுகிறது. மானோமர் மலிவு, தொழிற்சாலைக்கு உகந்தது, உனக்கு இப்போது அவசியமில்லை. 2008ல் மானர்ஸும் ரீடும் சிலிலியம் கார்போரேனைக் கொண்டு டிரைமரையே அறை வெப்பத்தில் திறந்து காட்டியிருக்கிறார்கள். கொள்கையளவில் அழகானது, அந்த வினையூக்கியைச் செய்வது தனி வித்தை.

பாஸ்பரஸில் கரியணுவை நேரே பிணைக்க விரும்பினால் மட்டும் மேற்கண்ட மார்க்கங்கள் எவையும் உனக்கு உதவமாட்டா. கிரிக்னார்டு மருந்தையோ ஆர்கனோலித்தியத்தையோ குளோரின் சங்கிலியின்மேல் இட்டால், அவை குளோரினை மாற்றுவதோடு நில்லாமல் முதுகுத்தண்டையே வெட்டிவிடுகின்றன. ஆல்காக்கின் குழுவினர் குளோரினுக்குப் பதில் ஃபுளூரின் தாங்கிய சங்கிலியைச் செய்து இந்த வெட்டைக் குறைத்தார்கள். முற்றும் நீக்க இயலவில்லை. டெக்சாஸில் பாட்டி விசியன்–நீல்சனும் ராபர்ட் நீல்சனும் 1980ல் கண்ட வழி வேறு: சங்கிலி பிறந்த பின் கரியைப் பிணைக்க முயலாமல், மானோமரிலேயே பிணைத்துவிட்டார்கள். இரண்டு மெத்திலும் ஒரு டிரைஃபுளூரோஈத்தாக்சியும் கொண்ட சிலிலேட்டட் பாஸ்பரனிமினை மூடிய குழாயில் 190 டிகிரியில் வைத்தால், சிலில் ஈதர் ஒன்று கழன்று பாலி டைமெத்தில்பாஸ்பசீன் கிடைக்கிறது. இந்த மார்க்கத்தில் குளோரின் என்ற இடைநிலையே இல்லை. ஆகவே 30,000 கணக்கின் கவலையும் இல்லை. ஆனால் அந்த வசதிக்கு விலை, ஒவ்வொரு புதிய சங்கிலிக்கும் ஒவ்வொரு புதிய மானோமர் செய்ய வேண்டும் என்பது. மெத்தில் பீனைல் வகையின் மெத்திலிலிருந்து பியூட்டைல் லித்தியத்தால் ஒரு ஹைட்ரஜனை எடுத்து அங்கே பல கூட்டங்களை அமர்த்தலாம் என்பதனால் இந்த விலையும் ஓரளவு குறைகிறது.

நீ செய்ய வேண்டியதை இப்போது சொல்கிறேன். இந்தப் பருவத்தில் குழாயைப் பழகு. அடுத்த பருவத்தில் உயிருள்ள மார்க்கத்தைத் தொடங்கு. இரண்டிலிருந்தும் டிரைஃபுளூரோஈத்தாக்சி வகையையே செய்து பார். அது அசிட்டோனில் கரையும், தெளிந்த ஏடாகப் படியும், நீரை ஒட்டவிடாது. ஆதலால் உன் வேலையின் தரம் கண்ணுக்கே தெரியும். குறிப்பேட்டில் கிடைத்த எடையைப் பதிவதோடு, எந்த மணியில் நிறுத்தினாய், அப்போது உருகல் எவ்வாறு நகர்ந்தது, எவ்வளவு டிரைமர் திரும்பி வந்தது, மாற்றீட்டின் இறுதியில் நிறமாலை என்ன காட்டியது என்பவற்றையும் பதி. முதலில் படிகத்தைச் சுத்திசெய்து, அதன் உருகுநிலையையும் நிறமாலையையும் எனக்கு எழுது. மைனஸ் 7 அருகே சிறிய கோடேனும் தெரிந்தால் அதையும் குறிப்பிடு. குழாயை மூடுவதைப் பற்றி அதன் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் க்ஷேமத்தை நாடும்
அண்ணன்